மாமனாரின் ஜனநாயகம்

கேள்வி: என் மாமனார் நாற்பது ஆண்டுகளாக ஒரே கட்சிக்காரர். தம் கட்சி வென்றபோது, "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்று தெரு முழுவதும் லட்டு கொடுத்தார். தோற்றதும் வாக்கு இயந்திரத்தில் கோளாறு, ஜனநாயகம் செத்துவிட்டது என்கிறார். கட்சிப் பற்று ஒருவரை இப்படி மாற்றிவிடுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றும். ஐரோப்பாவில் 1970-களிலிருந்தே, 'உங்கள் நாட்டில் ஜனநாயகம் செயல்படும் விதத்தில் உங்களுக்குத் திருப்தியா?' என்று யூரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்புகள் கேட்டு வருகின்றன. வென்ற கட்சிக்கு வாக்களித்தவர்களே பெரும்பாலும் கூடுதல் திருப்தி தெரிவிக்கிறார்கள். நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இரு தரப்பினருக்கும் ஒன்றுதான். 'ஜனநாயகம்' என்ற சொல் பலருடைய காதில் 'ஆட்சி' என்றே விழுகிறது என்பது என் எண்ணம்.

ஆனால் தோற்றவர்களின் மனக்குறை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆண்டர்சன், கில்லரி என்ற இரு ஆய்வாளர்கள் 11 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வென்ற கட்சியே அதிகாரம் முழுவதையும் அள்ளிக்கொள்ளும் நாடுகளில் இரு தரப்பினருக்கும் உள்ள இடைவெளி பெரிதாகவும், பல கட்சிகள் பகிர்ந்து ஆளும் நாடுகளில் சிறிதாகவும் இருப்பதைக் கண்டார்கள்.

நம் மாநிலம் முதல் வகையைச் சேர்ந்தது. 1991-இல் ஏறத்தாழ 22 சதவீத வாக்குகள் பெற்ற தி.மு.க.வுக்கு 234 இடங்களில் கிடைத்தவை 2. 1996-இல் 21 சதவீதத்துக்கு மேல் பெற்ற அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. ஐந்தில் ஒருவருக்கு மேல் வாக்களித்த ஒரு கட்சி, சட்டசபையில் ஒரே பெஞ்சில் அடங்கிவிடும்போது, அதன் தொண்டருக்கு வரும் கசப்பை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. லட்டு கொடுத்தவர் அன்று இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்!

கேள்வி: அப்படியானால் கட்சிப் பற்றே இல்லாதவர்கள்தாம் நல்ல ஜனநாயகவாதிகளா?
– அதே வாசகி

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர் பல நேரங்களில் வாக்குச்சாவடிக்கே வருவதில்லை. உங்கள் மாமனாரைப் போன்றவர்தாம் விடியற்காலையில் பூத் ஏஜெண்டாகப் போய் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் பெயராகக் கோடிட்டு, மாலையில் பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வருகிறார். இயந்திரத்தைக் குறை சொல்லும்போது, அந்த நகலிலுள்ள எண்ணிக்கை வாக்கு எண்ணும் மேசையில் ஒத்துப்போனதா என்று அவரிடமே கேளுங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.