மூன்றாம் நாள் எலிக்குட்டி

கேள்வி: 2025-இல் மருத்துவ நோபல் வாங்கிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: கிருமியை அடிக்க வேண்டிய டி செல்கள் (ஒரு வகை வெள்ளை ரத்த அணுக்கள்) நம் உடம்பையே அடிக்காமல் தடுக்கத் தனியாக ஒரு வகை டி செல் உண்டு என்று நிரூபித்தார். பிறந்த 3-ஆம் நாளில் பெண் சுண்டெலிக் குட்டியின் தைமஸ் சுரப்பியை (டி செல்கள் முதிரும் இடம்) எடுத்துவிட்டால், பிற்பாடு அதன் சினைப்பை அழிந்துபோகும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் ஒன்றும் ஆகாது. 1969-இல் இதைப் பதிவு செய்தவர்கள் நிஷிசுகாவும் சகாகுராவும். 1951-இல் பிறந்து கியோட்டோவில் மருத்துவம் படித்த சகாகுச்சி இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியமான எலியின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்கு ஏற்றினார், நோய் வரவில்லை. அடக்கும் செல்கள் தைமஸிலிருந்து மற்றவற்றைவிடச் சில நாள் பிந்தித்தான் கிளம்பும். 3-ஆம் நாளில் வாசலை அடைத்தால் அடிக்கிறவன் வெளியே, தடுக்கிறவன் உள்ளே!

ஆனால் 1980-களில் ‘அடக்கும் டி செல்’ என்றாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஐ-ஜே மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை. அந்தக் கெட்ட பெயருக்கு நடுவில் இவர் விடாமல் தேடியதுதான் என் கணக்கில் பெரிய விஷயம். 1995-இல் அடையாளம் கிடைத்தது: மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் தாங்கிய டி செல்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு, கூடவே சிடி25 புரதமும் தாங்கியவை. அவற்றை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தைமஸ் இல்லாத எலிக்கு ஏற்றினால் தைராய்டு, இரைப்பை என்று வரிசையாகத் தாக்குதல். நீக்கியதைத் திரும்பச் சேர்த்தால் அடங்கிவிடும்.

கேள்வி: பரிசில் வேறு இருவர் பங்கு என்ன?
– வாசகர், காரைக்குடி

பதில்: மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். 2001-இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், கெட்டுப்போனால் ஆண் குழந்தைகளுக்குத்தான் கடும் நோய். சகாகுச்சியின் செல்களை இயக்குவதே அந்த மரபணுதான் என்று 2003-இல் தெரிந்தது.

கேள்வி: மனித ரத்தத்திலிருந்து இச்செல்களைப் பிரிக்க சிடி25 மட்டும் பார்த்தால் போதாதா?
– ஆய்வக மாணவர், வேலூர்

பதில்: போதாது. கிருமியோடு மல்லுக்கட்டும் சாதாரண டி செல்லும் சிடி25-ஐ ஏற்றிக்கொள்ளும், இரண்டும் கலந்துவிடும். ஃபாக்ஸ்பி3 பார்க்கலாமென்றால் அது உட்கருவில் இருக்கிறது. செல்லை நிலைப்படுத்தி, சவ்வைத் துளைத்துத்தான் சாயமேற்ற முடியும். செல் செத்துவிடும், எண்ணிக்கைக்கு மட்டும் உதவும். உயிரோடு வேண்டுமானால் சிடி25 மிக அதிகமாகவும் சிடி127 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் குறைவாகவும் உள்ள சிடி4 செல்களைப் பிரித்தெடுங்கள்.