தம்பியை மிலிட்டரி கோர்ட்டுக்குக் கொண்டு போவார்களா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு 24 வயது. ஓசூரில் கம்பெனி வேலை, இன்னொரு பையனோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அந்தப் பையனுக்குத் தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு என்று சொல்லி, செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு இருவரையும் போலீஸ் கூட்டிப் போனது. புதன் சாயங்காலம்தான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமாம். இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறான். ‘ஏதேதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினாங்க’ என்கிறான். தீவிரவாத கேஸ் மிலிட்டரி கோர்ட்டுக்குப் போய்விடும், வக்கீலே வைக்க முடியாது என்று ஊரில் பேசுகிறார்கள். நான் பார்த்த இரண்டு வக்கீல்களும் ‘இந்தக் கேஸ் வேண்டாம்ப்பா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், மிலிட்டரி கோர்ட் கிடையாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் படையில் இருப்பவர்களுக்கும், களத்தில் படையோடு போகும் சிலருக்கும்தான். கம்பெனி வேலைக்குப் போகும் பையனை அதில் விசாரிக்க வழியே இல்லை. மும்பையில் 166 பேர் செத்த தாக்குதலில் பிடிபட்ட கசாப், பாகிஸ்தான்காரன். அவனையே சாதாரண நீதிபதிதான் விசாரித்தார். அரசு செலவில் வக்கீல் கொடுத்தார்கள். ஊரில் பேசுகிறவர்கள் பாகிஸ்தானையும் அமெரிக்காவின் குவாண்டனாமோ ராணுவச் சிறையையும் டிவியில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். உங்கள் தம்பி வழக்கு என்.ஐ.ஏ. எனும் தேசியப் புலனாய்வு முகமை கைக்குப் போனால் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம், அவ்வளவுதான்.

வக்கீல் விஷயம். கைதானவர் தனக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவே சொல்கிறது. தனிப்பட்ட ஒரு வக்கீல் ஏதோ காரணத்தால் கேஸ் எடுக்காமல் போகலாம். ஆனால் இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டால் அது செல்லாது. கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் இல்லையென்றால் கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தை ஜெயில் கண்காணிப்பாளர் சான்றொப்பத்தோடு வாங்க வேண்டும். அதற்கே இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

இனி உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது. செவ்வாய் நாலு மணி, புதன் சாயங்காலம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இங்கே கிட்டத்தட்ட 36 மணி நேரம். கைது குறிப்பில் புதன்கிழமை காலை என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். முன்பெல்லாம் இதற்காகவே விடிந்ததும் தந்தி அடிப்போம், தபால் ஆபீஸ் முத்திரை நேரம் சொல்லும். 2013இல் தந்தியே போய்விட்டது. இப்போது இருப்பது கேமரா. வீட்டு ஓனரோ எதிர்க் கடையோ கேமரா வைத்திருந்தால் இன்றைக்கே ஓசூர் பஸ் ஏறிப் போய் அந்தப் பதிவை வாங்கி வையுங்கள். சில நாளில் பழையது தானாக அழிந்துவிடும். இதை வைத்து மட்டுமே தம்பி வெளியே வந்துவிடுவான் என்று ஆசை காட்டமாட்டேன். ஆனால் கைது நேரம் பொய் என்று தெரிந்தால் மற்ற பேப்பர்களையும் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அதைவிடப் பெரியது, கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்பது. உபா வழக்கிலும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதானவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரிலும் சொல்லியிருக்கிறது. சட்டப் பிரிவுகளை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுப்பது காரணம் ஆகாது.

கையெழுத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் பயப்படுவது சும்மா இல்லை. வீரப்பன் தேடுதல் காலத்துத் தடாவும், 2002இல் ஊத்தங்கரைப் பக்கம் பாய்ந்த பொடாவும் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்ற பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டங்கள். உபாவில் அது இல்லை. போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருளை எடுத்ததாக எழுதியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். அதனால் அடுத்த முறை கோர்ட்டில் நிறுத்தும்போது, கையெழுத்து வாங்கியதையும், அடித்திருந்தால் அதையும், நீதிபதியிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜாமீன்? கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். முன்ஜாமீன் அறவே கிடையாது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே கோர்ட் ஜாமீன் மறுக்க வேண்டும் என்பது உபாவின் 43டி(5) பிரிவு. அப்படியும் 2024 ஆகஸ்டில், தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆட்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டதாகக் கைதான ஓய்வு பெற்ற போலீஸ்காரருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கூட ரூமில் இருந்தவர் என்பதற்கு மேல் உங்கள் தம்பி மீது என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிறப்பு நீதிமன்றம் மறுத்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போடலாம்.

அப்புறம், காலண்டர். ரிமாண்ட் ஆன புதன்கிழமையை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமை. 43டி(5) அங்கே குறுக்கே வராது. அரசு வக்கீல் தனிக் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் 180 நாள் வரை நீட்டலாம். அதை மாஜிஸ்திரேட் செய்ய முடியாது, சிறப்பு நீதிமன்றமோ செஷன்ஸ் கோர்ட்டோதான் செய்யலாம். அப்போது தம்பி நேரிலோ வீடியோவிலோ இருக்க வேண்டும், எதற்காக நிறுத்தினார்கள் என்று அவனுக்குச் சொல்லவும் வேண்டும். இந்த ஜாமீன் தானாக வராது, மனு போட வேண்டும். 91ஆம் நாள் காலை 11 மணிக்குப் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்து, நீங்கள் மதியம் 2 மணிக்கு மனுவோடு போய் நின்றால் கதை முடிந்தது. அதனால் வக்கீலிடம் 85ஆம் நாளே மனுவைத் தட்டச்சு செய்து வைக்கச் சொல்லுங்கள். 91ஆம் நாள் கோர்ட் திறக்கும்போது அவர் அங்கே இருக்க வேண்டும், கூடவே நீங்களும்.