நகையை அடகு வைத்து ஹோட்டலுக்கு ஏ.சி. போடலாமா?

கேள்வி: சென்னை துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆர். ஓரமாக 48 பேர் உட்காரும் சைவ ஹோட்டல் நடத்துகிறேன். ஏ.சி. கிடையாது. மாத வாடகை 1,10,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அட்வான்ஸ் 11 லட்சம் கொடுத்திருக்கிறேன். காலி செய்வதென்றால் மூன்று மாத நோட்டீஸ். மாஸ்டர், சப்ளையர் எல்லாம் சேர்த்து 11 பேர். முன்பு மாதம் 11 லட்சம் வியாபாரம் நடந்தது. மெட்ரோ வேலை, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்று வந்தபிறகு 7,80,000-க்கு இறங்கிவிட்டது. அதில் 3 லட்சம் சுவிகி, சொமேட்டோ ஆர்டர். மாதம் 75,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து 12 லட்சம் வாங்கி ஏ.சி., புது மேஜை நாற்காலி, இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாம் செய்தால் கூட்டம் திரும்ப வருமா? வரவு செலவு விவரத்தை இணைத்துள்ளேன்.

பதில்: 12 லட்சம் வேண்டாம். நகையைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் 3 லட்சத்தோடு நிறுத்துங்கள். அந்த எல்லை எப்படி வந்தது என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது.

ஹோட்டலுக்குள் வந்து சாப்பிடுபவர்களும் நேரடி பார்சலும் சேர்ந்து மாதம் 4,80,000. ஆளுக்குச் சராசரி 120 ரூபாய் பில் என்றால் மாதம் 4,000 பேர், நாளுக்கு 133 பேர். சரக்குச் செலவு 36 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக ஒருவர் சாப்பிட்டுப் போனால் 76 ரூபாய் 80 காசு கையில் நிற்கிறது, மாதத்துக்கு 3,07,200.

ஆப் ஆர்டர் கதை வேறு. சராசரி 250 ரூபாய் ஆர்டரில் உங்கள் பங்குத் தள்ளுபடி 25 போக 225. கமிஷன் 24 சதவீதம் என்றால் 54. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 9.72. ஆப்பில் மேலே தெரிவதற்குக் கட்டும் விளம்பரம் ஆர்டருக்கு 10. வங்கிக்கு வருவது 151 ரூபாய் சொச்சம். அதில் சரக்கு 90, டப்பாவும் பையும் 14. மிச்சம் 47 ரூபாய். மாதம் 1,200 ஆர்டருக்கு 56,736. வியாபாரத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் ஆப்பில் நடக்கிறது. ஆனால் வாடகை, சம்பளம் கட்டுவதற்கு அது தரும் பணம் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

நிலையான செலவு: வாடகை ஜி.எஸ்.டி.யோடு 1,29,800, சம்பளமும் ஆட்கள் தங்கும் அறையும் 2,05,000, கேஸ் 45,000, கரண்ட் 38,000, தண்ணீர் லாரி முதல் கணக்காளர் வரை மற்றவை 22,000. மொத்தம் 4,39,800. இரண்டு வழியிலும் கையில் நிற்பது 3,63,936. பள்ளம் 75,864. இதில் உங்கள் உழைப்புக்குச் சம்பளமே சேரவில்லை. உங்கள் இடத்தில் ஒரு மேனேஜரை 25,000-க்கு வைத்தால் உண்மையான நஷ்டம் ஒரு லட்சம்.

இந்தப் பள்ளத்தை ஆட்களால் மட்டும் மூட வேண்டுமென்றால் நாளுக்கு இன்னும் 33 பேர் உள்ளே வந்து சாப்பிட வேண்டும். ஆப்பால் மட்டும் என்றால் நாளுக்கு இன்னும் 54 ஆர்டர் வேண்டும். இப்போது வருவதே 40தான்.

இனி உங்கள் திட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். 12 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, மூன்று ஆண்டில் அடைப்பது என்றால் மாதத் தவணை சுமார் 38,700. மூன்று ஒன்றரை டன் ஏ.சி. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் கரண்ட் பில் மாதம் 13,000 முதல் 14,000 வரை கூடும். தவணைக்கு நாளுக்கு 17 பேர், கரண்டுக்கு 6 பேர், ஏற்கெனவே உள்ள பள்ளத்துக்கு 33 பேர். மொத்தம் 56. இப்போது வரும் 133 பேர் 189 பேராக ஆனால்தான் ‘நஷ்டம் இல்லை’ என்ற நிலைக்கே வருவீர்கள். மாதம் 10,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டு அசலைத் தள்ளிப்போடலாம் என்றும் நினைக்காதீர்கள். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கு. கடை நஷ்டத்தில் இருக்கும்போது அசல் எங்கிருந்து வரும்? நகை ஏலத்துக்குப் போகும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கும் ஹோட்டலுக்கு உள்ளீட்டு வரி, அதாவது பொருளும் சேவையும் வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி., திரும்பக் கிடைக்காது. 12 லட்சத்தில் ஏ.சி.யும் மரவேலையும் செய்தால் அதில் 1,83,000 ரூபாய் வரை வெறும் வரி. வாடகை மேல் கட்டும் 18 சதவீதமும் அப்படித்தான் உங்கள் தலையிலேயே நிற்கிறது. ஃபால்ஸ் சீலிங்கையும் சுவர் அலங்காரத்தையும் காலி செய்யும் நாளில் பெயர்த்து எடுத்துப்போகவும் முடியாது. கட்டட உரிமையாளருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு அது.

ஆட்கள் ஏன் குறைந்தார்கள்?

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் தடம் உங்கள் சாலையில்தான் தூண் எழுப்பிப் போகிறது. தடுப்புப் பலகை போட்ட இடத்தில் பைக் நிறுத்த இடமில்லை, யூ டர்ன் எங்கோ போய்விட்டது, எதிர்ப்பக்கத்து ஆபீஸ் ஆள் சாலையைக் கடந்து வரமாட்டார். இவை எதையும் ஏ.சி. சரிசெய்யாது. ஆபீஸ்காரர்கள் வாரத்தில் சில நாள் மட்டும் வரும் பழக்கமும் அப்படியே. வரும் நாளிலும் வளாகத்துக்குள்ளேயே கேன்டீன் இருக்கிறது.

ஆனால் கடைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அது உங்கள் கையில் இருப்பது. மதியம் 12.45 முதல் 2 மணி வரை என்ன நடக்கிறது என்று கல்லாவில் உட்காராமல் ஹாலில் நின்று பாருங்கள். டெலிவரி ஆட்கள் கல்லா முன் நிற்கிறார்கள். தோசை மாஸ்டர் ஆப் ஆர்டரையும் மேஜை ஆர்டரையும் ஒரே கல்லில் போடுகிறார். ஆப்பில் தாமதமானால் ரேட்டிங் குறையும் என்ற பயத்தில் பார்சல் முதலில் போகிறது. 45 நிமிடச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தவர் 20 நிமிடம் காத்திருக்கிறார். அடுத்த வாரம் வரமாட்டார். 47 ரூபாய் தரும் ஆர்டருக்காக 76 ரூபாய் தரும் ஆளை அனுப்பிவிடுகிறீர்கள். அந்த 75 நிமிடமும் ஆப்பில் தோசை, ஊத்தப்பம் வகைகளை நிறுத்தி, கலந்த சாதம், மினி மீல்ஸ் போலத் தயாராக இருப்பவற்றை மட்டும் திறந்து வையுங்கள். பார்சலுக்குப் பக்கவாட்டில் தனி ஜன்னல் வையுங்கள். ஒரு மரப் பலகையும் ஒரு ஆளும் போதும்.

எதையும் மாற்றுமுன் பில் மெஷினிலிருந்து இரண்டு வாரத்துக்கான மணிவாரி அறிக்கையை எடுங்கள். கிழமைவாரியாக, ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பில், எத்தனை பேர், சராசரி எவ்வளவு என்று மூன்றே கட்டம். திங்களும் வெள்ளியும் மதியம் படுத்து, செவ்வாய் முதல் வியாழன் வரை நன்றாக இருந்தால் உங்கள் பிரச்சினை ஆபீஸ் வருகை. எல்லா நாளும் மதியம் சரி, இரவு மட்டும் காலி என்றால் குடும்பங்கள் வரவில்லை. அந்த நிலையில் ஏ.சி. பற்றிப் பேசலாம். அப்போதும் 48 இருக்கைக்கும் வேண்டாம். 16 இருக்கையைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து, இரண்டு ஏ.சி.யை மாத வாடகைக்கு எடுத்துக் கோடையில் சோதித்துப் பாருங்கள். ஏ.சி. அறைக்கு வரி கூடுதல் என்று இன்னும் நினைக்கும் வாடிக்கையாளர் உண்டு. அந்த வேறுபாடு 2017 நவம்பர் 15 அன்றே போய்விட்டது. இரண்டுக்கும் 5 சதவீதம்தான். அதை மெனு கார்டில் போடுங்கள்.

பள்ளத்தைச் சிறிதாக்கும் வழி

முதலில் ஆப். அங்கே மட்டும் விலையை 10 சதவீதம் ஏற்றி, உங்கள் பங்குத் தள்ளுபடியை நிறுத்தி, விளம்பரத்தைப் பாதியாக்குங்கள். (ஆப்பிலும் கடையிலும் ஒரே விலை என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள்.) 275 ரூபாய் ஆர்டரில் கமிஷன் 66, அதன் வரி 11.88, விளம்பரம் 5 போக 192; சரக்கும் டப்பாவும் போக 88 ரூபாய் நிற்கும். ஆர்டர் 1,200-இலிருந்து 800 ஆகக் குறைந்தாலும் 70,496 கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு ஆர்டர் போன பிறகும் 13,760 ரூபாய் அதிகம், சமையலறைக்கும் மூச்சு விட இடம். ஆர்டர் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே தள்ளுபடியைத் திரும்பப் போட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. நான்கு வாரம் பொறுங்கள்.

அடுத்தது சரக்கு. 36 சதவீதம் சைவ ஹோட்டலுக்கு அதிகம், 33 எட்டக்கூடியது. அதிகம் விற்கும் 12 ஐட்டத்துக்கு அளவுத் தாள் எழுதுங்கள்: ஒரு பொங்கலுக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லி நெய், சாம்பார் எந்தக் கரண்டி. இரவு பத்து மணிக்குக் கீழே கொட்டும் சாம்பார், சட்னி, சாதத்தை ஒரு வாரம் எடை போட்டு எழுதினாலே சரக்கு மாஸ்டர் காலையில் போடும் அளவு தானாகக் குறையும். மெனுவில் நாளுக்கு இரண்டு தட்டுகூடப் போகாத ஐட்டங்களை எடுத்துவிடுங்கள். அவற்றுக்காக வாங்கும் காலிஃபிளவரும் காளானும்தான் ஃபிரிஜ்ஜில் அழுகுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய் மீதான வரி 12-இலிருந்து 5 சதவீதமாகவும், பாக்கெட் பனீர் மீதான 5 சதவீதம் பூஜ்யமாகவும் ஆனது. உள்ளீட்டு வரி திரும்பாத உங்களுக்கு இது நேரடி மிச்சம். உங்கள் சப்ளை ஏஜென்ட் அதைக் குறைத்துத்தான் பில் போடுகிறாரா என்று பழைய பில்லோடு ஒப்பிடுங்கள். எண்ணெயில் மட்டும் கைவைக்காதீர்கள். பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வடையை ஒருமுறை கடித்ததுமே வாடிக்கையாளருக்கும் தெரிந்துவிடும். சரக்குச் செலவு 36-இலிருந்து 33 ஆனால், ஹால் விற்பனையில் மட்டும் அந்த மூன்று சதவீதம் மாதம் 14,400 மிச்சம்.

மூன்றாவது வாடகை. கட்டட உரிமையாளரிடம் வாயால் புலம்பாமல் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மெட்ரோ வேலைக்கு முன்னும் பின்னும் ஆன மாத விற்பனை, 11 மாதத்துக்கு 20 சதவீதக் குறைப்பு, விற்பனை 10 லட்சத்தைத் தொட்டால் பழைய வாடகை என்று மூன்றே விஷயம் போதும். அதே சாலையில் காலியாக நிற்கும் கடைகளை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 22,000 குறைந்தால் வரியோடு 25,960 மிச்சம்.

மூன்றும் சேர்ந்தால் 54,120. பள்ளம் 21,744 ஆகச் சுருங்குகிறது. சரக்கு 33 சதவீதமானதால் ஆளுக்கு 80 ரூபாய் 40 காசு நிற்கும். இப்போது தேவை நாளுக்கு 33 பேர் இல்லை, 9 பேர். வாடகை ஒரு பைசாவும் குறையாவிட்டாலும் 20 பேர்தான்.

ஒன்பது பேரைக் கொண்டுவர இன்ஸ்டாகிராம் தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையின் புள்ளி இன்றைய நுழைவழியைக் காட்டுகிறதா, நேரம் சரியா, பைக் நிறுத்தும் இடத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்புப் பலகைக்கு மேலே தெரியும் உயரத்தில் போர்டு வையுங்கள். சுற்றியுள்ள பி.ஜி. விடுதிகளில் இருப்பவர்கள் ஆபீஸ் போகாத நாளிலும் சாப்பிட வேண்டும். காலை டிபன், மாலை 4 முதல் 7 டிபன் அவர்களை நம்பித்தான். ஆபீஸ் வரும் நாட்களில் 11 மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்பவருக்கு மேஜையில் உட்கார்ந்ததும் சாப்பாடு வரும் என்று உறுதி கொடுங்கள். 20 சாப்பாட்டுக் கூப்பன் புத்தகம் விற்கலாம். ஆனால் அந்தப் பணம் வருமானமல்ல, நீங்கள் இன்னும் போடாத சாப்பாட்டுக்கான கடன். சம்பளம் கொடுக்க எடுத்தால் அடுத்த மாதம் சரக்கு வாங்கக் காசிருக்காது. செலவு செய்ய நினைக்கும் பணத்தில் கை கழுவுமிடம், கழிப்பறை, புகை வெளியேற்றும் ஃபேன், வெளிச்சம் இவற்றுக்கு 1,50,000 ஒதுக்குங்கள். குடும்பத்தோடு வருபவர்கள் திரும்பி வருவதை முடிவு செய்வது பெரும்பாலும் கழிப்பறைதான்.

3 லட்சம் ஏன்?

மாற்றங்கள் பலன் தரும் மூன்று மாதத்திலும் பற்றாக்குறை இருக்கும்: முதல் மாதம் 75,000, அடுத்து 45,000, பிறகு 20,000 என்று வையுங்கள், 1,40,000. மேலே சொன்ன சீரமைப்பு 1,50,000. இரண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்குள். காலி செய்யும் நிலை வந்தால், 11 லட்சம் அட்வான்ஸில் மூன்று மாத வாடகை வரியோடு 3,89,400, பெயின்ட், பழுது என 50,000 போனாலும் 6,60,000 திரும்பும். 3 லட்சம் கடன் என்றால் அன்றே நகையை மீட்டுவிடலாம். 12 லட்சம் என்றால் மீட்க முடியாது.

ஹால் விற்பனைக்கு வாடிக்கையாளரிடம் வாங்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி., மாதம் 24,000, தனிக் கணக்கில் போய்விட வேண்டும். கஷ்டத்தில் இருக்கும் ஹோட்டல்கள் முதலில் எடுத்துச் செலவழிப்பது அதைத்தான். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, நகைக்கடனைவிட அதிகம்.

90-ஆம் நாளுக்கான இரண்டு எண்ணை இன்றே எழுதி மனைவியிடம் கொடுங்கள். நாளுக்கு 142 பேர் (வாடகை குறையாவிட்டால் 153), மாத நஷ்டம் பூஜ்யம். இரண்டும் எட்டாவிட்டால் அன்றே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் மாதங்களிலேயே கிரைண்டர், கல், ஃபிரிஜ் ஆகியவற்றுக்கு ஆள் பாருங்கள். கடைசி வாரத்தில் விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். பால், காய்கறி பாக்கியையும் ஆட்களின் சம்பளத்தையும் அட்வான்ஸ் வருமுன் கணக்கிட்டு வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்த மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 இறுதிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.