மழை படாத இடத்தில் கருப்பா, ஈரம் நிற்கும் இடத்தில் கருப்பா?

கேள்வி: திருவொற்றியூரில் மாடி வீடு. வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடித்து நாலு வருடம் ஆகிறது. பாதிச் சுவர் கருத்துவிட்டது. பிரஷர் வாஷ் செய்கிறவர் சதுரடிக் கணக்கில் பெரிய தொகை சொல்கிறார். பெயின்டர், கழுவவே வேண்டாம், மேலேயே அடித்துவிடலாம் என்கிறார். மாமியார் பிளீச்சிங் பவுடர் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பது சுவரைப் பார்த்தால்தான் தெரியும்.

நம் பக்கத்துச் சுவர்களில் கருப்பு இரண்டு வகை. ஒன்று பாசியும் பூஞ்சையும். இன்னொன்று கரி, அதாவது கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும் எண்ணூர், மணலி பக்கமிருந்து காற்றில் வரும் தூசியும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். சன்ஷேடுக்கு அடியில், மழை படாத மூலையில் கருப்பு என்றால் பெரும்பாலும் கரி. மொட்டைமாடித் தண்ணீர் வழியும் குழாய்க்குக் கீழே, ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில், வெயில் படாத வடக்குச் சுவரில் என்றால் பாசி.

சந்தேகமாக இருந்தால், துணி வெளுக்கும் லிக்விட் பிளீச்சைப் பஞ்சில் தொட்டு ஓர் இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கருப்பு வெளிறினால் பாசி. அப்படியே இருந்தால் கரி. பிளீச் படாத பக்கத்து இடத்தை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், விரலில் மை மாதிரி ஒட்டும்.

பாசி என்றால் மாமியார் வைத்தியம்தான். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலாக நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதையும் சேர்த்து அடித்தால் சுவர் முழுக்க வெள்ளைத் திட்டாகும். முதலில் சுவரை நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாக பிரஷ்ஷால் தடவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால், வழிந்து இறங்கும் கோடுகள் அப்படியே நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெயில் ஏறினால் ஊறுவதற்குள் காய்ந்துவிடும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கொடியில் துணி காயக்கூடாது, துளசிச் செடியைத் தள்ளி வைத்துவிடுங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கரி என்றால் பிளீச் அடித்தும் பயனில்லை. சோப்புத் தூள் கரைத்த தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அப்புறம் கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான்.

ஆசிட் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒருமுறை டாய்லெட் ஆசிட் ஊற்றிப் பார்த்தேன். கறை போனது. கூடவே சிமென்ட்டின் மேல்தோலும் போய் மணல் தெரிந்தது. ஆசிட்டும் பிளீச்சும் ஒரே பக்கெட்டில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

பிரஷர் வாஷ் கெட்டது என்று சொல்ல மாட்டேன். தளக்கல் பதித்த வாசல், கான்கிரீட் கார் நிறுத்துமிடம், கிரானைட் படி இவற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கடற்கரை ஓரத்துப் பூச்சுச் சுவர் வேறு விஷயம். உப்புக் காற்று பட்டுப் பட்டு மேல்பூச்சு பலவீனமாகியிருக்கும், மயிரிழை விரிசல்கள் இருக்கும். அதில் அழுத்தமாகப் பீய்ச்சினால் தண்ணீர் விரிசல் வழியே உள்ளே புகுந்து, ஒரு வாரம் கழித்து ஹால் சுவரில் ஓதமாக எட்டிப் பார்க்கும். செய்துதான் ஆகவேண்டும் என்றால், முனையைப் பாருங்கள். சிவப்பு முனை தண்ணீரை ஒரே கோடாக அடிக்கும், சுவரையே செதுக்கிவிடும். மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40. பூச்சுச் சுவருக்கு வெள்ளை முனைதான், அதுவும் இரண்டடி தள்ளி நின்று.

பெயின்டர் சொன்னதுதான் மூன்றிலும் மோசமான யோசனை. பாசியின் மேல் அடிக்கிற பெயின்ட் சுவரில் ஒட்டாது, பாசியில்தான் ஒட்டும். அடுத்த மழையில் இரண்டும் சேர்ந்து தோலாக உரியும்.

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. தெருப் பக்கச் சுவர் அழுக்கேறிக் கிடக்கிறது. மெஷின் வைத்துக் கழுவி எமல்ஷன் அடிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். துறைமுகத்தில் 2011இல் நிலக்கரி கையாளுவது நிற்கும்வரை உங்கள் தெரு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கருப்பாகும். அந்தக் காலத்துத் தூசியும் உங்கள் சுவரில் இருக்கலாம். காரைச் சுவர் மெத்தென்றது, மெஷின் தண்ணீருக்குக் கட்டி கட்டியாகப் பெயரும். உலர்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, திரும்பவும் சுண்ணாம்பே அடியுங்கள். இந்தச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுத்தான் நூறு வருடம் நிற்கிறது. மேலே எமல்ஷன் போட்டு அடைத்தால், அல்லது சிமென்ட்டால் ஒட்டுப் போட்டால், ஈரம் உள்ளேயே தங்கிக் காரையை உதிர்க்கும்.

கேள்வி: எர்ணாவூர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்து சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டது. இரண்டு முறை பெயின்ட் அடித்தும் மஞ்சளாக வெளியே வருகிறது.

பதில்: எத்தனை முறை அடித்தாலும் வரத்தான் செய்யும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த அந்த எண்ணெய், பூச்சுக்குள் ஊறிவிட்டது. மேலோட்டமான கறை என்றால் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தால் குறையும். சுடுதண்ணீர் அடிக்கும் மெஷின் கிடைத்தால் இங்கே உதவும், பச்சைத் தண்ணீர் மெஷின் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும். ஊறிய இடத்தில் சாக்பீஸ் தூளைச் சோப்புத் தண்ணீரில் களியாகக் குழைத்து அரை அங்குலம் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போது தூள் எண்ணெயை இழுக்கும். இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

ஒரு சதுர அடியில் செய்து பார்த்தும் நிறம் குறையவில்லை என்றால், செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அந்த உயரம் வரை பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் மிச்சம். மூன்றாவது முறை பெயின்ட் அடிக்கிற காசு அதற்கு ஆகட்டும். புதுப் பூச்சுக்கு 28 நாள் விட்டுப் பிறகு பிரைமர்.

கேள்வி: பெரம்பூர். ஆன்லைனில் 7,500 ரூபாய்க்கு பிரஷர் வாஷர் ஆஃபர் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வருடத்துக்கு எத்தனை முறை எடுப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள். வண்டி கழுவ அடிக்கடி வேண்டுமென்றால் சரி. சுவருக்காக மட்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது மாடிக்காரர்களோடு சேர்ந்து வாங்குங்கள். வீட்டு மெஷினே மணிக்கு 350 முதல் 400 லிட்டர் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் இதைப் பேசாமல் வாங்கினால் சண்டைதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பம்பும் வால்வும் சீக்கிரம் அரிக்கும், சுவரிலும் வெள்ளைப் புள்ளி நிற்கும். மேல்தொட்டியிலிருந்து வருகிற குறைந்த அழுத்தத்தில் ஓடுமா, பக்கெட்டிலிருந்து தானே இழுக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். 15 ஆம்ப் பிளக் வேண்டும். ஈரத்தில் நின்று வேலை செய்வதால், மின்கசிவை நிறுத்தும் பிரேக்கர் இல்லாத வீட்டில் மெஷினைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வண்ணாரப்பேட்டை. சுவரைக் கழுவ ஆள் வைத்தேன். பெயின்ட் பெயர்ந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து மெத்தை நாசம். கேட்டால் உங்கள் சுவர் சரியில்லை என்கிறார்கள். பில் இல்லை, ஜிபேயில் பணம் போட்ட பதிவு இருக்கிறது.

பதில்: அந்தப் பதிவே போதிய தொடக்கம். வாட்ஸ்அப்பில் அவர்களோடு பேசியதையும் சேர்த்து வையுங்கள். சுவரும் மெத்தையும் இப்போது இருக்கிற நிலையிலேயே, தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள், அதற்கு முன் எதையும் சரிசெய்துவிடாதீர்கள். முதலில் நஷ்டத் தொகையை எழுதி, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. உங்கள் சுவர் சரியில்லை என்கிற அவர்கள் வாதத்துக்கு ஒரே கேள்வி கேளுங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு மூலையில் அடித்துக் காட்டினீர்களா?

அடுத்தவருக்கும் இது உதவும். பேரம் பேசும்போதே, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர அடி கழுவிக் காட்டச் சொல்லுங்கள். என்ன ரசாயனம், எவ்வளவு பார் அழுத்தம், சாரம் யார் பொறுப்பு, பக்கத்தில் போகும் மின்கம்பிக்கு என்ன ஏற்பாடு, இதையெல்லாம் ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: காசிமேடு. ஜன்னல் கிரிலும் ஏசியின் வெளிப்பெட்டியும் துருப்பிடிக்கின்றன. பிளீச் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: இரும்பின் மேல் பிளீச் பட்டால் துரு இன்னும் வேகமாகும். வாரம் ஒருமுறை உப்பில்லாத தண்ணீரை ஒரு மக் ஊற்றித் துணியால் துடையுங்கள், உப்பு போனாலே பாதித் துரு நின்றுவிடும். பிடித்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால்கூடக் கடல் காற்றுக்குத் திரும்பப் பூத்துவிடும். ஏசி பெட்டிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பூவாளியால் தண்ணீர் விட்டால் போதும். மெஷினைக் காட்டினால் பின்னாலிருக்கும் மெல்லிய தகடுகள் அப்படியே மடங்கிவிடும்.