டிஷ்வாஷரை முதலில் வாங்குங்கள், கிரானைட்டை அப்புறம் போடுங்கள்

கேள்வி: பழைய ஃபிளாட்டின் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம். மேடைக்கு அடியில் டிஷ்வாஷர் வைக்க ஆசை. முன்கூட்டியே எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போன வருஷம் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இதே வேலையைச் செய்து முடித்தோம். பழைய கட்டிடம், மேல் தளம், சமையலறை 8க்கு 7 அடி. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. 5 லிட்டர் குக்கரைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்க முடியாமல் சிங்க்கிலேயே சாய்த்து வைத்துத் தேய்ப்பார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இந்த வேலையில் இறங்கினோம். அதனால் உங்கள் கேள்விக்குப் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்பீர்கள் என்றால், இதைக் கேளுங்கள். கிரானைட்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால் மெஷினை வாங்கி ஹாலில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால், எந்த மாடல் என்று முடிவு செய்து, அதன் பொருத்தும் வரைபடத்தையாவது அச்செடுத்து மேஸ்திரி கையில் கொடுங்கள். "எல்லா மெஷினும் ஒரே சைஸ்தான் சார், இடம் விட்டுடறேன்" என்று அவர் சொல்வார். நம்பி விட்டுவிடாதீர்கள்.

உயரம்தான் இதில் பெரிய விஷயம். தனியாக நிற்கும் 60 செ.மீ. அகல மெஷின்கள் பெரும்பாலும் 845 மி.மீ. உயரம் இருக்கும். மேல்மூடியைக் கழற்றினால் 815 மி.மீ. அளவுக்கு வரும். பின்பக்கம் இரண்டு திருகை எடுத்து மூடியை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் எல்லா மாடலிலும் மூடியைக் கழற்ற அனுமதி இல்லை. கையேட்டில் மேடைக்கு அடியில் வைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் பழைய மேடைகளில் கான்கிரீட் பலகை, அதன் மேல் கலவை, அதன் மேல் கல் என்று அடுக்கியிருப்பார்கள். எங்கள் பழைய மேடை 33 அங்குலம் உயரம், ஆனால் அடியில் கிடைத்த இடம் 740 மி.மீ. கூட இல்லை. அதை இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. புது மேடையை 36 அங்குலத்துக்கு ஏற்றினால் கவலையே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா 5 அடி உயரம். மேடை மேல் அடுப்பு, அடுப்பு மேல் கடாய் என்றால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளற வேண்டும். மெஷினுக்காக அம்மாவின் தோளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. 34 அங்குலத்தில் நின்றோம்.

இனி கணக்கைப் பாருங்கள். 34 அங்குலம் என்பது 864 மி.மீ. கிரானைட் 18 மி.மீ. முன் ஓரம் கனமாகத் தெரிய வேண்டும் என்று அதே கல்லில் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டி உருட்டுவார்கள், அது இன்னொரு 18. ஆக முன் ஓரத்தில் கல் 36 மி.மீ. கீழே இறங்கி நிற்கும். மெஷின் உள்ளே நுழைய வேண்டியது அந்த ஓரத்துக்கு அடியில்தான். 864இல் 36 போனால் 828. மெஷின் 815. மிச்சம் 13 மி.மீ. போதும் என்று நானும் நினைத்தேன்.

மேடை வேலை முடிந்த பிறகு தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். பழைய டைல்ஸை உடைத்தால் கீழ்வீட்டுக்குத் தொந்தரவு என்று அதன் மேலேயே புது டைல்ஸ். டைல் 9 மி.மீ., ஒட்டும் பசை 4 மி.மீ. நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த 13ம் அங்கேயே போய்விட்டது.

மெஷினை நகர்த்திக் கொண்டுவந்து வைத்தபோது அதன் நெற்றி கிரானைட்டின் ஓரத்தில் போய் முட்டி நின்றது. நான்கு காலையும் முழுக்க உள்ளே திருகிவிட்டுப் பார்த்தோம். விரல் நகம் நுழைகிற இடைவெளிகூட இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "விடுடா, பால்கனியில வச்சுக்கலாம்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் கிரானைட் வேலை செய்தவரையே கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, ஒட்டிய பட்டையை மெஷின் வரும் அகலத்துக்கு மட்டும் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, கல்லுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து பிளேடு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். பட்டை மூன்று துண்டாக வந்தது. மேலிருந்த கல்லில் ஒரு கீறல் இல்லை. 815 அளவில் நின்ற வாய், அதாவது மெஷின் நுழையும் திறப்பு, 833 ஆனது. மெஷின் உள்ளே போனது, அதன் கால்களை 10 மி.மீ. வெளியே திருகி மட்டம் பார்க்கவும் இடம் கிடைத்தது. அவர் கை நிதானம் இல்லாவிட்டால் மொத்தக் கல்லும் போயிருக்கும். நீங்கள் இந்த நிலைமைக்கு வர வேண்டாம். மெஷின் வரும் இடத்தில் அந்தப் பட்டையை ஒட்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயரத்தையும் முடிந்த தரையிலிருந்து, அதாவது டைல்ஸ் போட்ட பிறகு இருக்கும் தரையிலிருந்து, கணக்கு வையுங்கள்.

டைல்ஸ் பற்றி இன்னொன்று. மேடைக்கு அடியில் எதற்கு டைல்ஸ் என்று முன்னாலேயே நிறுத்திவிடுவது வழக்கம். மெஷின் நிற்கும் இடத்தில் சுவர் வரைக்கும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஷின் பள்ளத்தில் நிற்கும். ரிப்பேருக்கு வெளியே இழுக்க வேண்டும் என்றால், மேலே கல், கீழே டைல் ஓரம், நடுவில் சுமார் 50 கிலோ.

அகலம் அவ்வளவு தொல்லை இல்லை. மெஷின் 598 மி.மீ. இருக்கும், 605 முதல் 610 வரை வாய் விட்டால் போதும். கடப்பா கல்லை நிறுத்தித் தாங்கு கொடுக்கிறார்கள் என்றால் அது எப்போதும் நேராக நிற்கும் என்று எண்ண வேண்டாம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் டேப் பிடித்துப் பாருங்கள். மிகக் குறைந்த அளவுதான் உண்மையான அளவு. சிங்க்குக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு தாங்கு கட்டாயம் இருக்க வேண்டும். சிங்க் வெட்டிய இடத்தில் கிரானைட் முன்பக்கம் இரண்டு மூன்று அங்குலப் பட்டையாகத்தான் நிற்கும். விரிசல் விட்டால் முதலில் அங்கேதான் விடும். மெஷின் முன்னால் சாயாமல் இருக்கப் பிடிமானத் தகடு தருவார்கள். அதை மேலே கல்லில் திருக முடியாது, பக்கவாட்டில் பிளைவுட் பலகையில் திருகுங்கள். அந்தப் பலகை நீர் தாங்கும் 710 ரகமாக இருக்கட்டும்.

இடம் என்று பார்த்தால் மேடைக்கு அடியில் சிங்க்குக்குப் பக்கத்துத் தடுப்புதான் சரி. மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். கதவைத் திறந்தால் 60 செ.மீ. முன்னால் நீளும், பக்கத்துச் சுவர் மேடையின் டிராயர் கைப்பிடி அதில் இடிக்கும். நாங்கள் தரையில் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிப் போட்டு, அம்மாவை நடந்து பார்க்கச் சொல்லித்தான் இடத்தை முடிவு செய்தோம்.

அடுத்தது பின்பக்கம். மேடையின் ஆழம் 24 அங்குலம், அதாவது 610 மி.மீ. மெஷின் கிட்டத்தட்ட 600. அதனால் மெஷினுக்கு நேர் பின்னால் குழாயோ பிளக்கோ ஆங்கிள் காக்கோ (சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) எதுவும் இருக்கக் கூடாது. மூன்றையும் சிங்க்குக்கு அடியில் உள்ள அறைக்குக் கொண்டுவாருங்கள். நடுத் தாங்கில் 75 மி.மீ. அளவுக்கு ஒரு துளை போட்டால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின் வயர் மூன்றும் அதன் வழியே வந்துவிடும். ஏதாவது கசிந்தாலும் சிங்க் கதவைத் திறந்து ஆங்கிள் காக்கை மூடிவிடலாம், பிளக்கையும் பிடுங்கிவிடலாம். எங்கள் எலக்ட்ரீஷியன் பின்சுவரில் நடுவில் பாயிண்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி சுவரைக் காடி எடுக்க வேண்டியிருந்தது.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 சதுர மி.மீ. வயர், போர்டிலிருந்து தனி லைன், நல்ல எர்த். மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது 2,000 முதல் 2,400 வாட் வரை இழுக்கும். கீசர் அல்லது இண்டக்ஷன் அடுப்போடு ஒரே லைனில் சேர்க்க வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டில் இல்லை என்றால் இந்தச் சமயத்திலேயே போட்டுவிடுங்கள்.

தண்ணீர் அழுத்தத்தை மேல் தளத்துக்காரர்கள் முதலிலேயே பார்க்க வேண்டும். பெரும்பாலான கையேடுகளில் குறைந்தது 0.5 பார் கேட்பார்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் என்றால், தொட்டி 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் தொட்டி, அதற்கு நேர் கீழே நம் வீடு என்றால் அந்த உயரம் கிடைக்காது. 10 லிட்டர் வாளியை அந்தக் குழாயடியில் வைத்து முழுக்கத் திறந்து பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பவில்லை என்றால் சின்ன பிரஷர் பம்ப் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது. மெஷின் குழாயின் மரை முக்கால் அங்குலம், நம் ஆங்கிள் காக் அரை அங்குலம். நடுவில் போடும் பித்தளை அடாப்டரை முன்பே வாங்கி வைத்துவிட்டால், பொருத்த வருகிறவர் திரும்பிப் போக மாட்டார். குழாய் நுனியில் பெட்டி மாதிரி ஒன்று இருந்தால் அதற்குள் மின்வால்வு இருக்கிறது. அந்தக் குழாயை வெட்டவோ தண்ணீரில் முக்கவோ கூடாது.

கழிவுக் குழாயைத் தரையில் இருக்கும் ஓட்டையில் சொருகிவிடலாம் என்று பிளம்பர் சொன்னார். வேண்டவே வேண்டாம். நுனி தாழ்வாக இருந்தால், மெஷின் எடுக்கிற தண்ணீர் தானாகவே வழிந்து போய்க்கொண்டிருக்கும். கல்லுக்கு அடி வரைக்கும் குழாயை ஏற்றி, அங்கே ஒரு கிளிப்பில் பிடித்து, அப்புறம் சிங்க்கின் பாட்டில் டிராப்பில், அதாவது சிங்க்குக்கு அடியில் பாட்டில் மாதிரி இருக்கும் கழிவுக் குப்பியில், இணைக்க வேண்டும். அதற்கென்று பக்கவாட்டில் மூக்கு வைத்த டிராப் கிடைக்கும். புதிதில் அந்த மூக்கு உள்ளே அடைபட்டிருக்கும், கத்தியால் வெட்டித் திறந்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு மெஷினில் கோளாறு என்று ஆள் கூப்பிடுகிறவர்கள் உண்டு. சிங்க்கின் கழிவுக் குழாய் மெல்லிய சுருள் குழாயாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், கொதி தண்ணீர் பட்டுப் பட்டு அது நெகிழ்ந்துவிடும்.

தாங்கில் போட்ட துளையைச் சுற்றிக் கம்பி நாரைத் திணித்து சீலண்ட் பூசினோம். எலி ஒரு தடவை மெஷினின் கழிவுக் குழாயைக் கடித்தால் சமையலறை முழுக்க எச்சில் தண்ணீர்தான்.

சென்னை போர் தண்ணீர் என்றால் கடினத்தன்மையைப் பரிசோதித்துவிட்டு மெஷினில் அந்த எண்ணை வையுங்கள். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்களின் அளவு, கடினத்தன்மை அல்ல, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெஷின் கேட்பது பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்ற கடினத்தன்மை அலகு. சோதனைச் சீட்டில் இருக்கும் பிபிஎம் எண்ணை 17.8 ஆல் வகுத்தால் அது கிடைக்கும். கடினத்தன்மையைக் குறைக்க மெஷினில் போடும் உப்பும் டிஷ்வாஷருக்கென்று விற்கிற உப்புதான், சமையல் உப்பு கூடாது.

உள்ளே தள்ளும் நாளில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து மெதுவாகத் தள்ள, இன்னொருவர் சிங்க் அறைக்குள் கையை விட்டுக் குழாய்களை இழுத்துக்கொண்டே வர வேண்டும். இழுக்காமல் தள்ளினால் குழாய் பின்னால் மடங்கி நசுங்கும். கீழே அட்டை விரித்தால் டைல்ஸ் கீறாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் கதவு சரியாக மூடாது. அப்புறம் எல்லா இணைப்புக்கும் அடியில் செய்தித்தாள் விரித்து, பாத்திரம் இல்லாமல் ஒரு தடவை ஓட விடுங்கள். டார்ச் அடித்தால் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் தாளில் கருவட்டமாகத் தெரியும். எங்களுக்கு அடாப்டரில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது, டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கியதும் நின்றது.

கழற்றிய மேல்மூடியையும் அந்த இரண்டு திருகையும் ஒரு கவரில் கட்டி லாஃப்டில் வைத்திருக்கிறேன். வீடு மாறினால் அது இல்லாமல் மெஷினைத் தனியாக நிறுத்த முடியாது.