சீராகச் சுற்றும் டர்பைனில் பிளேடு ஏன் நடுங்குகிறது?

கேள்வி: டர்பைன் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, நீராவியும் ஒரே அழுத்தத்தில்தான் வருகிறது. அப்புறம் பிளேடு ஏன் அதிர்ந்து விரிசல் விடுகிறது?

பதில்: சீரெல்லாம் வெளியே நின்று பார்க்கிற நமக்குத்தான். எதிரே அசையாமல் நிற்கும் வழிகாட்டி இறக்கைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் நீராவியின் ஓட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதைக் கடக்கும்போதெல்லாம் பிளேடுக்கு ஒரு தட்டு. நிமிடத்துக்கு 3000 சுற்று, 40 இறக்கைகள் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 2000 தட்டு! அது பிளேடின் இயல்பு அதிர்வெண்ணோடு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை தடவை அதிருமோ அந்த எண்ணோடு, ஒத்துப்போனால் போச்சு. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியது போல அதிர்வின் வீச்சு ஏறும், ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு கோடி தடவை வளைந்து நிமிர்ந்து, அடிப்பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தொடங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. சுழலும்போது மையவிலக்கு விசை பிளேடை வெளியே இழுத்து, முறுக்கிய வீணைத் தந்தி போல விறைப்பாக்குகிறது, அதனால் இயல்பு அதிர்வெண்ணும் வேகத்தோடு ஏறுகிறது. நிறுத்தி வைத்துத் தட்டிப் பார்த்த கணக்கு மட்டும் போதாது. தட்டுகளின் எண்ணிக்கையும் இயல்பு அதிர்வெண்ணும் எந்த வேகத்தில் சந்திக்கும் என்று கேம்ப்பெல் வரைபடம் போட்டுப் பார்த்து, அந்த வேகங்களில் தங்காமல் கடந்துவிடுவார்கள். சில டர்பைன்களில் பிளேடுகளைக் கம்பியால் கோத்திருப்பார்கள், உரசலில் அதிர்வு அடங்கும்.

ஃப்ளட்டர் (flutter) என்கிற தானாகக் கிளம்பும் அதிர்வு வேறு கதை. அங்கே தட்டுவதற்கு ஆளே வேண்டாம், பிளேடின் அசைவே ஓட்டத்திலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொள்ளும்.