ஸ்பாக் கேப்டனை ‘நீ’ என்பாரா, ‘நீங்கள்’ என்பாரா?

கேள்வி: பகுதி நேரமாக சப்டைட்டில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு ஏஜென்சி, 1966இல் தொடங்கிய பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ விண்கப்பல் தொடரிலிருந்து 10 நிமிடப் பகுதியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறது. உணர்ச்சியே காட்டாத துணை அதிகாரி ஸ்பாக், கேப்டனை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? “எல்லாருக்கும் ‘நீ’ போட்டுவிடுங்கள், எழுத்து மிச்சம்” என்கிறார் ஒருங்கிணைப்பாளர். அப்படிச் செய்யலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கூடாது. ஸ்பாக்கின் வாயில் கேப்டன் கிர்க்குக்கு எப்போதும் ‘நீங்கள்’தான்.

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. மரியாதையும் நெருக்கமும் அங்கே பெயரில் இருக்கும். அதனால் முதலில் வசனத்தை விட்டுவிட்டு, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டர் மெக்காய் கேப்டனை ‘ஜிம்’ என்கிறார், கேப்டன் அவரை ‘போன்ஸ்’ என்கிறார். பழைய சிநேகிதர்கள், இரண்டு பக்கமும் ‘நீ’. (போன்ஸை ‘எலும்பு’ ஆக்கிவிடாதீர்கள். அறுவை மருத்துவரைக் கேலியாக எலும்பறுப்பவர் என்று சொல்லும் பழைய ஆங்கில வழக்கின் சுருக்கம் அது. போன்ஸ் போன்ஸாகவே இருக்கட்டும்.) கிர்க் ஸ்பாக்கிடம் ‘மிஸ்டர் ஸ்பாக்’ என்று தொடங்கினால் அந்தக் காட்சி முழுக்க ‘நீங்கள்’, வெறும் ‘ஸ்பாக்’ என்றால் ‘நீ’. ஒரே காட்சிக்குள் மாற்றாதீர்கள். ஸ்காட்டி, சுலு, உஹுரா என்று கப்பலின் மற்ற அதிகாரிகள் எல்லாரும் கேப்டனுக்கு ‘நீங்கள்’, கேப்டன் அவர்களுக்கு ‘நீ’. இதற்கு மேல் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மெக்காயும் ஸ்பாக்கும் சண்டை போடும் இடத்தில் தமிழுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மெக்காய் எரிந்து விழுவார், ஸ்பாக் அசையாமல் ‘டாக்டர்’ என்று ஆரம்பிப்பார். அவர் ‘நீ’ என்று கத்த, இவர் ‘நீங்கள்’ என்று பதில் சொன்னால் பாதி நகைச்சுவை தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு வழியே இல்லை.

‘ஜிம்’ என்று ஸ்பாக்கே சொல்லும் இடங்களும் உண்டு. 1967இல் வந்த ‘அமோக் டைம்’ எபிசோடில், கிர்க்கைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நம்பி ஸ்பாக் மருத்துவ அறைக்கு வருகிறார். கிர்க் உயிரோடு நிற்கிறார். “கேப்டன்!” என்கிறார், அடுத்த நொடி “ஜிம்!” முகத்தில் சிரிப்பு. உடனே சுதாரித்துக்கொண்டு பழைய முகத்துக்குத் திரும்பிவிடுகிறார். இங்கே ஆசைப்பட்டு ‘நீ’ போட்டுவிடக் கூடாது. அந்தப் பெயரே போதும். அடுத்த வசனம் மறுபடியும் ‘நீங்கள்’.

இப்போது ஒருங்கிணைப்பாளர் சொன்ன எழுத்து மிச்சத்துக்கு வருவோம். ‘நீ சொல்கிறாய்’: இடைவெளியோடு 7 எழுத்து. ‘நீங்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘சொல்கிறீர்கள்’ என்று மட்டும் எழுதினால் அதுவும் 7 எழுத்து. தமிழில் வினையிலேயே ஆள் இருக்கிறார், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இடம் வேண்டுமா? ‘தெரியுமா?’, ‘போகலாம்’, ‘முடியாது’ என்று எழுதுங்கள், எந்த மரியாதையும் தேவைப்படாது. இதுகூடத் தெரியாதவர்தான் உங்களுக்கு மார்க் போடப் போகிறார்.

அந்த 10 நிமிடம்தான் எனக்கு உறுத்துகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படி ஒரு ‘சோதனை’ வந்தது. ராத்திரி உட்கார்ந்து செய்து அனுப்பினேன், பதிலே இல்லை. சில மாதம் கழித்து அந்த எபிசோடு தமிழ் சப்டைட்டிலோடு வெளியானது. நடுவில் என் வரிகள், ஒரு கமா மாறாமல். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அண்ணனைத் தம்பி முதல் பத்து நிமிடம் ‘நீங்க’ என்கிறான், அடுத்த பத்து நிமிடம் ‘நீ’, கடைசியில் ‘டேய்’. ஆளுக்குப் பத்து நிமிடமாகப் பிரித்துக் கொடுத்து, ஓசியிலேயே எபிசோடை முடித்துவிட்டார்கள்.

ஒழுங்கான இடத்தில் வேலைக்கு முன்பே கேஎன்பி ஷீட்டும் ஃபார்மாலிட்டி டேபிளும் கொடுப்பார்கள். பெயர்களை எப்படி எழுதுவது என்பது முதலாவதில், யார் யாரை ‘நீ’ என்பது இரண்டாவதில். கேட்டால் “அதெல்லாம் அப்புறம்” என்கிறவரிடம் கவனமாக இருங்கள். மெஷின் செய்ததைத் திருத்தினால் போதும் என்று பாதிக் காசுக்கு வருகிறவர்கள் அதைவிட மோசம். மெஷின் வரிக்கு வரி மரியாதையை மாற்றும், எல்லாவற்றையும் நீங்கள்தான் புதிதாக எழுதுவீர்கள். காசு மட்டும் திருத்தியதற்கு.

க்யூசி என்று ஒரு கூட்டம் இருக்கிறது, நாம் முடித்ததைச் சரிபார்க்கிறவர்கள். 1982இல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் சாவிக் என்ற பெண் அதிகாரியை ‘மிஸ்டர் சாவிக்’ என்பார்கள். அந்தக் கப்பலில் அதிகாரிகளை அப்படி அழைப்பது வழக்கம். அதைத் தப்பென்று ‘மிஸ்’ ஆக்கி, எனக்கு மதிப்பெண் குறைத்தவர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

உங்கள் பகுதியில் வராது, ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பின்னால் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் டேட்டா என்ற ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ, உண்டு. 1989இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ எபிசோடில், டேட்டா, தான் வேலை பார்க்கும் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா இல்லையா என்று விசாரணை. டேட்டாவைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் மேடாக்ஸ், ‘அது’ என்றே பேசிவருவார். தீர்ப்பு வந்த பிறகு அவர் வாயிலிருந்து ‘அவர்’ வந்துவிடும், அசாதாரணமானவர் என்பார். “இப்போது ‘அது’ என்று சொல்லவில்லையே” என்பார் நீதிபதி. நம் கை என்ன செய்யும்? முந்தின வரியை ‘அற்புதம்!’ என்று அழகாகச் சுருக்கிவிடும். சுருக்கினால் நீதிபதி எதைச் சுட்டுகிறார் என்றே தெரியாது. ‘அவர் அற்புதமானவர்’ என்று முழுசாக எழுத வேண்டும். அது மட்டும் போதாது, அதற்கு முன்பு மேடாக்ஸ் பேசும் ஒவ்வொரு வினையும் ‘வந்தது’, ‘மறுக்கிறது’ என்றே இருக்க வேண்டும். முதல் காட்சியில் கை தவறி ஒரு ‘வந்தார்’ விழுந்தாலும் கடைசிக் காட்சி போச்சு. எபிசோடைத் துண்டு போட்டு நாலு பேருக்குக் கொடுக்கிறவர்களுக்கு இது எங்கே புரியும்?

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்ற அந்தத் தாளை முடித்து, அதையும் சோதனையோடு சேர்த்து அனுப்புங்கள். ஆனால் 2 நிமிடம் மட்டும் செய்யுங்கள், சோதனைக்கு அது தாராளம். மீதி 8 நிமிடத்துக்கு ரேட் என்ன என்று மெயிலில் கேளுங்கள். போனில் வேண்டாம்.